தாம்பரம் யாருடைய கோட்டை?

கேள்வி (23 பிப்ரவரி 2022): "தாம்பரம், பல்லாவரம் பக்கமெல்லாம் திமுக கோட்டை ஆகிவிட்டது. இனி அங்கே வேறு கட்சிக்கு டெபாசிட் கிடைத்தாலே பெரிசு. படித்தவர்கள் ஓட்டுப் போட வராததுதான் காரணம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், சரியா?"

24 பிப்ரவரி 2022

பாதிகூடச் சரியில்லை.

கோட்டை என்கிறீர்கள். 2011 சட்டமன்றத் தேர்தலை எடுத்துப் பாருங்கள். தாம்பரத்தில் அதிமுகவின் டி.கே.எம். சின்னையா ஜெயித்து அமைச்சரும் ஆனார். பல்லாவரத்தில் அதிமுக தன்சிங். சோழிங்கநல்லூரில் அதிமுக கே.பி. கந்தன். ஆலந்தூரில் அதிமுக கூட்டணியில் நின்ற தேமுதிகவின் பண்ருட்டி ராமச்சந்திரன். தெற்குப் புறநகர் மொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்தது. அதற்கு முந்தின 2006-இல் தாம்பரம் திமுகவின் எஸ்.ஆர். ராஜாவிடம் இருந்தது. 2016-இலும் 2021-இலும் அவரே திரும்ப வந்தார். 2014 நாடாளுமன்றத் தேர்தலில், தாம்பரம் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியை அதிமுக எடுத்துக்கொண்டது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் இத்தனை முறை கைமாறிய இடத்தைக் கோட்டை என்றால், மதிலே இல்லாத கோட்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

நேற்று முன்தினம் தாம்பரம் மாநகராட்சித் தேர்தல் முடிவு வந்த சூட்டில் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. 70 வார்டில் திமுக அணி அள்ளிவிட்டது, உண்மை. ஆனால் ஆளுங்கட்சி தன் முதல் வருடத்தில் நடத்துகிற உள்ளாட்சித் தேர்தலை வைத்து ஊரின் அரசியலைக் கணிக்கக் கூடாது. 2011-லும் ஆட்சி மாறிய சில மாதத்திலேயே உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அப்போது எந்தக் கட்சி அள்ளியது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

24 பிப்ரவரி 2022, இரவு

படித்தவர்கள் வரவில்லை என்ற பாட்டு ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறது. சென்னை மாநகராட்சியில் சுமார் 44 சதவீதம்தான் பதிவு, மாநில அளவில் 61 கிட்டே. இந்த இடைவெளியை மட்டும் காட்டி 'ஐடி பசங்க தூங்கிட்டாங்க' என்று முடித்துவிடுகிறார்கள். யார் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கரண்ட் போய்விட்டது.

27 பிப்ரவரி 2022

நாளைக்கு என்றது மூன்று நாள் ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் சேலையூர். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று எடுத்தால் மிகச் சிலர். மற்ற எல்லாரும் வந்தவர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம், கும்பகோணம், வேலூர், ரயில்வேயில் மாற்றலாகி வந்தவர்கள், விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்கு வந்த பெண்கள். நான் மன்னார்குடிப் பக்கம். இங்கே வீடு கட்டிக் குடிவந்து, ரேஷன் கார்டு மாற்றி, காஸ் இணைப்பு மாற்றி, பையனைப் பள்ளியில் சேர்த்து எல்லாம் முடிந்தும் என் ஓட்டு வெகு காலம் ஊரிலேயே இருந்தது. என் மனைவி பெயர் மட்டும் இங்கே ஏறிவிட்டது. ஒரே வீடு, இரண்டு தொகுதி. தேர்தல் நாளில் அவள் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருவாள். நான் முந்தின இரவே பஸ் ஏறவேண்டும்.

ஏன் மாற்றவில்லை என்றால் சோம்பல் கொஞ்சம். அதைவிட, ஊரில் ஓட்டு இருக்கிறவரைக்கும் நாம் ஊர்க்காரன் என்ற நினைப்பு. பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் சித்தப்பா பையன் நிற்பான், வராமல் இருக்க முடியாது. இங்கே நிற்கிறவர் யார் என்றே தெரியாது.

தேர்தல் முந்தின இரவு பெருங்களத்தூரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பொங்கல் கூட்டத்தில் பாதி இருக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகமே தேர்தலுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறது. அந்தப் பஸ்ஸில் போகிறவர்களை ஓட்டுப் போடாத நகரவாசி என்று யாரும் திட்ட முடியாது. ஓட்டுப் போடத்தான் போகிறார்கள். என்ன, இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருக்கிறவர் ஊரில் போட்டுவிட்டால் இங்கே 'வராதவர்' கணக்கில் விழுவார். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தப்பு. ஆனால் பழையதை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

28 பிப்ரவரி 2022

ஒருவர் கேட்கிறார்: அப்படியென்றால் அடுக்குமாடிக்காரர்கள் மேல் குற்றமே இல்லையா?

இருக்கிறது ஐயா, இருக்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில், பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6 வாங்கி வீடு வீடாகக் கொடுத்தபோது கதவைக்கூட முழுசாகத் திறக்காமல் 'ஆன்லைன்ல பண்ணிக்கறேன்' என்றவர்கள் உண்டு. பண்ணவில்லை. ஆனால் அதே குடியிருப்பில் தண்ணி லாரி இரண்டு நாள் வரவில்லையென்றால் கவுன்சிலர் யார், எந்தக் கட்சி, நம்பர் என்ன என்று எல்லாம் தெரிந்துகொள்வார்கள். அரசியல் ஆர்வம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தேவை வரும்போது மட்டும் எழுந்திருக்கிற ஆர்வம்.

இன்னொன்று, கதவு எண். பழைய எண், புதிய எண், மனை எண் மூன்றும் ஒரே சுவரில் எழுதியிருக்கும் தெருக்கள் எங்கள் பக்கம் நிறைய. பட்டியலில் ஒன்று, ஆதாரில் ஒன்று. பூத் சிலிப் கொடுக்க வருகிற அங்கன்வாடி அம்மாவுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது.

5 மார்ச் 2022

மேயர் தேர்வு நேற்று முடிந்துவிட்டது. திமுகவின் வசந்தகுமாரி கமலகண்ணன். பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கிய இடம். மேயரை நேரடியாக மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பத்து ஊரைச் சேர்த்துச் செய்த மாநகராட்சிக்கு முதல் மேயர். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகள், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகள். இந்தப் பத்து ஊர்க்காரனும் ஒரே ஒருமுறை ஒரே சீட்டில் ஓட்டுப் போட்டிருந்தால் 'நாமெல்லாம் ஒரே நகரம்' என்ற நினைப்பு வர ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். இப்போதும் மாடம்பாக்கத்துக்காரர் 'தாம்பரம் போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்கிறார்.

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லாமல் தனி அலுவலர் ஆட்சி. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் எம்எல்ஏ வீட்டு வாசலுக்குப் போய்ப் பழகிவிட்டோம். வார்டு ஓட்டும் எம்எல்ஏ ஓட்டும் ஒன்றாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்படியும் சில வார்டில் சுயேச்சைகள் ஜெயித்திருக்கிறார்கள். சின்னம் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் போட்ட இடங்கள்.

(பெண்களுக்குப் பாதி இடம் என்பது நல்ல சட்டம். பேனரில் கவுன்சிலரைவிடப் பெரிதாகக் கணவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பதற்குச் சட்டத்தில் இன்னும் மருந்து இல்லை.)

9 மார்ச் 2022

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலந்தூர்.

இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. 2011 வரை தனி நகராட்சி. அங்கே பாதாளச் சாக்கடை வந்த விதம் புறநகர்க்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. திமுகவின் ஆர்.எஸ். பாரதி நகர்மன்றத் தலைவராக இருந்தபோது, வீட்டு இணைப்புக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் முன்பணம் மக்களிடமே வாங்கித்தான் திட்டத்தைத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் 5,000 என்பது சின்னத் தொகை இல்லை. கட்சி பார்க்காமல் கட்டினார்கள். எனக்குத் தெரிந்த தீவிர அதிமுகக்காரர் ஒருவர் கட்டிய ரசீதை வெகு நாள் பீரோவில் வைத்திருந்தார். 'ஓட்டு வேற, பைப்பு வேற' என்பார்.

எங்கள் பக்கம் இன்னும் பல தெருவில் செப்டிக் டேங்க்தான். யார் ஆட்சிக்கு வந்தாலும் வருகிற முதல் வண்டி கழிவுநீர் லாரி.

10 ஏப்ரல் 2024

இரண்டு வருடம் இங்கே யாரும் எழுதவில்லை. மறுபடி தேர்தல், மறுபடி அதே கேள்வியை ஒரு புதியவர் கிளப்பியிருக்கிறார். மேலே உள்ளதைப் படித்துவிட்டு வாருங்கள்.

தாம்பரம் ரயில் நிலையத்தில் போன வாரம் திருநெல்வேலி ரயிலில் சுமார் நாலு கோடி ரூபாய் பிடிபட்டது. எங்கள் ஊர்ப் பெயர் தேசியச் செய்தியில் வந்தது அதற்குத்தான். பணம்கூட இங்கே தங்காமல் சொந்த ஊருக்கு ஓட்டுப் போடப் போகிறது பாருங்கள்.

20 ஏப்ரல் 2024

நேற்று வாக்குப்பதிவு. வெள்ளிக்கிழமை வைத்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, கேட்கவே வேண்டாம். இப்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்துவிட்டதால் பெருங்களத்தூர் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கூட்டம் அங்கே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் இந்த முறை இங்கேயே போட்டேன். ஆம், மாற்றிவிட்டேன். ஊரில் சித்தப்பாவும் இல்லை, அவர் பையனும் திருப்பூரில் இருக்கிறான். படிவம் 8 கொடுத்து மாற்றியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நேற்று வரிசையில் நின்றபோதுதான் பார்த்தேன், முன்னால் நின்றவர்கள் பாதிப்பேர் எனக்கு முகம் தெரிந்தவர்கள். காய்கறிக் கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சர், ஓய்வுபெற்ற டிடிஆர் ஒருவர். வெயிலில் நின்றபடி அவர் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் முழு வரலாற்றையும் சொன்னார். முன்பெல்லாம் தாம்பரமும் ஆலந்தூரும் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தன, 2008 மறுசீரமைப்பில்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனோம். 'சென்னையில இருந்து நம்மளத் தூக்கி ஃபாக்டரிக்காரங்களோட சேர்த்துட்டாங்க' என்று அவருக்கு இன்னும் ஆற்றாமை.

7 ஜூன் 2024

முடிவு பார்த்தாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் திமுகவின் டி.ஆர். பாலு மறுபடி, வித்தியாசம் சுமார் 4.87 லட்சம். 2019-இல் 5 லட்சத்தைத் தாண்டியிருந்தார். கோட்டைக் கட்சியினர் குதிப்பதற்கு முன்னால் ஒன்று: 2019-இல் அதிமுக, பாமக, பாஜக எல்லாம் ஒரே அணி. இந்த முறை அதிமுக தனி, பாஜக பக்கம் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) தனியாக சைக்கிள் சின்னத்தில் நின்றது. எதிரே இரண்டாக உடைந்தும் வித்தியாசம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூன்றாவதாக வந்த தமாகா வேட்பாளருக்கு இரண்டு லட்சம் ஓட்டு. சின்ன எண்ணா அது?

பக்கத்துத் தொகுதி இன்னும் சுவாரசியம். சோழிங்கநல்லூர், வேளச்சேரி எல்லாம் தென்சென்னைக்குள் வரும். அங்கே திமுகவின் தமிழச்சி தங்கபாண்டியன் ஜெயித்தார், இரண்டாம் இடம் பாஜகவின் தமிழிசை, அதிமுக மூன்றாம் இடம். ரேடியல் சாலைக்கு இந்தப் பக்கம் எதிர்க்கட்சி அதிமுக, அந்தப் பக்கம் பாஜக. காரில் போனால் பத்து நிமிடம்.

8 ஜூன் 2024

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். புறநகரின் உண்மையான குணம் முதலிடத்தில் தெரிவதில்லை, மூன்றாமிடத்தில்தான் தெரியும். 2006-இல் தேமுதிக முதல்முறை நின்றபோது மாநிலத்தில் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 'ரெண்டு பேரும் வேண்டாம்' என்று எங்கள் பக்கம் அவர்களுடைய முரசு சின்னத்துக்குப் போட்டவர்கள் நிறைய. 2019-இல் மக்கள் நீதி மய்யம் மாநில அளவில் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், தென்சென்னை இரண்டிலும் தனித்தனியாக ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியது. இப்போது அவர்களுடைய டார்ச்லைட் சின்னம் திமுக அணியில் அணைந்து கிடக்கிறது. அந்த ஓட்டு எங்கே போனது? கொஞ்சம் நாம் தமிழருக்கு, கொஞ்சம் பாஜக அணிக்கு, கொஞ்சம் வீட்டிலேயே. இது என் கணக்கு, நிரூபிக்க முடியாது.

இந்த மூன்றாமிட ஓட்டுக்கு ஒரு கட்சியோடும் கல்யாணம் இல்லை. ஊரில் தாத்தா காலத்துக் கட்சி என்று ஒன்று இருக்கும், கொடிமரம் இருக்கும், மாறினால் கல்யாண வீட்டில் பேச மாட்டார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் என்ன கட்சி என்று தெரியாது. மாறுவது சுலபம்.

12 ஜூன் 2024

'2015 வெள்ளம்தான் எல்லாவற்றையும் மாற்றியது' என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். முடிச்சூரில் மாடியில் இரண்டு இரவு இருந்தவராம். அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வரதராஜபுரம், முடிச்சூர் மக்கள் அன்று பட்டதைக் கண்ணால் பார்த்தேன். ஐந்து மாதம் கழித்து 2016 மே தேர்தல். மாநிலம் அதிமுகவுக்குத் திரும்பக் கிடைத்தது, தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் நாலும் திமுகவுக்குப் போயின. வெள்ளம்தான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கும்.

ஆனால் அதே தேர்தலில் அம்பத்தூர், மதுரவாயல், ஆவடி அதிமுக. ஆவடியில் மாஃபா பாண்டியராஜன் 1,395 ஓட்டில் தப்பித்தார், இருந்தாலும் ஜெயித்தார். சரி, அது அடையாற்றுக் கரை இல்லை, விடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்? மறுபடி முடிச்சூர், வரதராஜபுரம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை தண்ணீரில். ஆட்சி திமுக. நாலரை மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல், நாலரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் அதே கட்சி. தண்ணீர் ஒன்றுதான், தண்டனை மட்டும் ஒரு கட்சிக்குக் கிடைத்தது.

ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் காரணமா? மாதம் ஆயிரம் உரிமைத்தொகையா? டெல்லித் தேர்தல் என்பதால் உள்ளூர்க் கோபம் கணக்கில் வரவில்லையா? எனக்கு மூன்றாவதுதான் சரியாகப் படுகிறது. 2016-இலும் வெள்ளம் மட்டும் வேலை செய்யவில்லை, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதில் யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு யாரும் வாயைத் திறக்காததுதான் எரிச்சலைக் கிளப்பியது. முடிச்சூர் நண்பர் மறுக்கலாம்.

13 ஜூன் 2024

மறுத்துவிட்டார். 'மாடியில இருந்து பார்த்தா வேற மாதிரி தெரியும் சார்.' ஒத்துக்கொள்கிறேன்.

12 பிப்ரவரி 2025

பட்டா செய்தி பார்த்தீர்களா? சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள் புறம்போக்கில் பட்டா கொடுக்கக் கூடாது என்று 1962-இல் இருந்து ஒரு தடை, 'பெல்ட் ஏரியா' என்போம். அதைத் தளர்த்தி, மற்ற நகரங்களையும் சேர்த்து 86 ஆயிரம் பேருக்குக் கொடுக்கப் போகிறார்களாம், அமைச்சரவை முடிவு.

வெளியூர்க்காரருக்கு இது சாதாரணச் செய்தி. எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அரசியல் இல்லை. வீட்டு வரி ரசீது இருக்கும், மின் இணைப்பு இருக்கும், மூன்று தலைமுறை இருந்திருக்கும், பட்டா இருக்காது. வங்கிக் கடன் கிடைக்காது, விற்றால் அடிமாட்டு விலை. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சி நோட்டீசிலும் 'பட்டா வாங்கித் தருவோம்' கட்டாயம் இருக்கும். இரண்டு வேட்பாளரும் ஒரே தெருவில் ஒரே வாக்குறுதியை ஒரு மணி நேர இடைவெளியில் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி இரண்டு பேருக்கும் ஆரத்தி எடுத்தார், இரண்டு தட்டிலும் காசு விழுந்தது.

இதில் கொள்கை எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு: அந்தத் தெருவில் பட்டாதான் கொள்கை.

26 மே 2025

அனகாபுத்தூரில் அடையாற்றுக் கரை வீடுகளை இடிக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு, ஆக்கிரமிப்பு, மாற்று வீடு என்று அவர்கள் தரப்பு. எங்கே போவது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்ன ஆவது என்று இவர்கள் தரப்பு. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இந்தப் பேச்சுக்குச் சம்பந்தப்பட்டது ஒன்று மட்டும்.

இப்படி நகரத்தில் இருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் சோழிங்கநல்லூர்த் தொகுதி. மாநிலத்திலேயே அதிக வாக்காளர் உள்ள தொகுதி அது, ஆறு லட்சத்துக்கு மேல். ஒரே தொகுதியில் கடற்கரைச் சாலை பங்களா, ஓஎம்ஆர் அடுக்குமாடி, வாரியக் குடியிருப்பு, மீனவர் குப்பம். 'படித்த தொகுதி' என்று தொலைக்காட்சியில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இடம்பெயர்ந்தவர்களில் பலருக்குப் பழைய முகவரியிலேயே பெயர் கிடக்கும். தேர்தல் நாளில் அந்தப் பழைய இடத்துக் கட்சிக்காரர்கள் வேன் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். புது இடத்தின் வேட்பாளருக்கு இவர்களைத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

16 நவம்பர் 2025

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவம் எல்லாருக்கும் வந்துவிட்டதா? இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய பட்டியலில் உங்கள் பெயர், இல்லாவிட்டால் பெற்றோர் பெயர் எங்கே இருந்தது என்று கேட்கிறது. என் பெயர் மன்னார்குடிப் பட்டியலில். எதிர்வீட்டு டீச்சர் பெயர் நாகர்கோவிலில். கீழ்வீட்டுப் பையன் அப்பாவின் பெயரை மூன்று மாவட்டத்தில் தேடுகிறான், அவர் ஒப்பந்த வேலைக்கு அலைந்தவர். தெரு முழுக்கப் பழைய ஊர்களின் பாகம் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பாகத்து அலுவலர் பாவம், பகலில் அங்கன்வாடி, மாலையில் மாடிப்படி. நாலாவது மாடியில் தண்ணீர் கேட்டார், கொடுத்தோம். ஐந்தாவது மாடியில் 'எதுக்கு ஆதார் கேக்கறீங்க' என்று சண்டை.

21 டிசம்பர் 2025

வரைவுப் பட்டியல் 19-ஆம் தேதி வந்துவிட்டது. மாநிலத்தில் சுமார் 97 லட்சம் பெயர் போய்விட்டது, 6.41 கோடி 5.43 கோடியாகிவிட்டது. எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம். இருந்ததில் நாலில் ஒன்று! நீக்கியதில் பெரும்பகுதி 'இடம்பெயர்ந்தவர்' என்ற தலைப்பில்.

2022-இல் நான் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். இந்த 7 லட்சத்தில் எத்தனையோ பேர் இங்கே வெகு காலமாக ஓட்டுப் போடவே இல்லை. அவர்களையும் வகுக்கும் எண்ணில் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் புறநகர்க்காரன் சோம்பேறி என்று கணக்குப் போட்டோம். அடுத்த தேர்தலில் பதிவு சதவீதம் ஏறும். ஏறியதும் 'விழிப்புணர்வு பெருகியது' என்று எழுதுவார்கள் பாருங்கள்.

அதே சமயம் உண்மையிலேயே இங்கே இருப்பவர்கள் பெயரும் போயிருக்கிறது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் பக்கம்தான் அடி. வீடு மாறியிருப்பார்கள், மூன்று தெரு தள்ளி. அலுவலர் வந்தபோது பூட்டிய கதவு. வாடகைக்காரர்கள் குறைந்தால் எந்தக் கட்சிக்கு லாபம் என்று கேட்டு ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார்கள். திமுகவுக்கு நஷ்டம் என்கிறார் ஒருவர், விஜய் கட்சிக்கு நஷ்டம் என்கிறார் இன்னொருவர், ஏனென்றால் வாடகை அறையில் இருப்பது இளவட்டம். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை, அவர்களிடமும் இல்லை.

22 டிசம்பர் 2025

நிறையப் பேர் கேட்பதால்: பெயர் இல்லாதவர்கள் படிவம் 6-உம் கூடவே உறுதிமொழிப் படிவமும் கொடுக்க வேண்டும். இப்போதைக்கு அறிவித்திருக்கிற கடைசித் தேதி 2026 ஜனவரி 18. வீட்டு முகவரி எழுதும்போது பழைய எண்ணா புதிய எண்ணா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கீழ்வீட்டுப் பையனுக்கு அப்பா பெயர் கடைசியில் அரக்கோணத்தில் கிடைத்துவிட்டது.